சொந்தப் பிள்ளையின் லாக் புத்தகத்தில் யார் கையெழுத்திடுவது?

1828 மார்ச் 18 அன்று லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஸ்டீபன் பொல்லார்ட் என்ற தொழிலாளிக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. ஈதர் மயக்க மருந்து வழக்கத்துக்கு வர இன்னும் 18 ஆண்டுகள் இருந்த காலம் அது. நோயாளியின் கைகளையும் கால்களையும் சேர்த்துக் கட்டி, முழு உணர்வோடு இருக்கும்போதே அறுக்க வேண்டும் என்பதால், கைதேர்ந்த அறுவை மருத்துவர்கள் அந்தக் கல்லைச் சில நிமிடங்களில் எடுத்துவிடப் பழகியிருந்தார்கள். அன்று கத்தியைப் பிடித்தவர் பிரான்ஸ்பி கூப்பர். அவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. கருவி மாற்றிக் கருவியாக உள்ளே செலுத்தியும் கல் அகப்படவில்லை. ஒரு கட்டத்தில் அருகில் நின்றவரிடம் "உமக்கு நீளமான விரல் இருக்கிறதா?" என்று கேட்டார். மாணவர்கள் நிறைந்த கூடத்தில் இத்தனையும் நடந்தது. பொல்லார்ட் மறுநாள் இறந்துபோனார்.

இந்த அறுவை சிகிச்சை இன்றும் மருத்துவ வரலாற்று நூல்களில் பேசப்படுவதற்குக் காரணம், பிரான்ஸ்பி கூப்பர் அந்தப் பதவிக்கு வந்த வழி. அவர் சர் ஆஸ்ட்லி கூப்பரின் உடன்பிறந்தார் மகன். ஆஸ்ட்லி கூப்பர் அன்றைய இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். நான்காம் ஜார்ஜ் மன்னரின் தலையில் இருந்த கட்டியை அகற்றி, 1821இல் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் பெற்றவர். 1827இல் அறுவை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். மருத்துவர்கள் தம் உறவினருக்குத் தாமே பயிற்சி அளிப்பதில் உள்ள நலன் முரணைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த ஒரு குடும்பத்தின் கதையைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்கவில்லை.

ஆஸ்ட்லியே உறவின் வழியாக வந்தவர்தான். அவருடைய தந்தையின் உடன்பிறந்தவரான வில்லியம் கூப்பர் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தார். 1784இல் ஆஸ்ட்லி அவரிடம்தான் பயிற்சி மாணவராகச் சேர்க்கப்பட்டார். சில மாதங்களிலேயே அந்த ஏற்பாடு மாறியது. பக்கத்திலேயே இருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஹென்றி கிளைனிடம் பையன் ஒப்படைக்கப்பட்டான். விளையாட்டுப் பிள்ளையாக இருந்த ஆஸ்ட்லி உடற்கூறியலில் வெறிகொண்டு உழைக்கத் தொடங்கியது உறவினரல்லாத கிளைனின் கையில்தான். ஆனால் 1800ஆம் ஆண்டில் வில்லியம் கூப்பர் பதவி விலகியபோது, அந்த இடத்துக்கு வந்தவர் ஆஸ்ட்லி. கற்றது அயலாரிடம், பதவி வந்தது உறவின் வழியாக என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். இந்தப் பிரிவினை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்த தலைமுறையில் அந்தப் பிரிவினையும் மறைந்தது. 1820களில் கைஸ், செயின்ட் தாமஸ் ஆகிய இரு மருத்துவமனைகளின் அறுவை மருத்துவர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அது ஒரு திருமண அழைப்பிதழைப் போலவே இருக்கும். கைஸில் பிரான்ஸ்பி கூப்பர். அவரோடு சார்லஸ் ஆஸ்டன் கீ. இவர் ஆஸ்ட்லியிடம் பயின்றவர், ஆஸ்ட்லியின் உடன்பிறந்தார் மகளை மணந்தவர். செயின்ட் தாமஸில் ஃபிரெடரிக் டிரெல். அவரும் ஆஸ்ட்லியிடம் பயின்று, அதே குடும்பத்தின் இன்னொரு மகளை மணந்தவர். அங்கேயே ஜோசப் ஹென்றி கிரீன். இவர் ஹென்றி கிளைனின் சகோதரி மகன், தாய்மாமனிடமே பயின்றவர். பெரிய தொகை கொடுத்து இந்த மருத்துவர்களிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த மருத்துவமனைகளில் பின்னாளில் பதவி கிடைக்கும் என்பதும் வழக்கமாக இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களிலும் வீட்டு மாப்பிள்ளைகளும் உடன்பிறந்தாரின் பிள்ளைகளும் முன்வரிசையில் நின்றார்கள்.

1825இல் இது வெளிப்படையாக வெடித்தது. உடல்நலம் காரணமாக விரிவுரைப் பணியிலிருந்து விலகிய ஆஸ்ட்லி, தம் விரிவுரைகள் கீக்கும் பிரான்ஸ்பிக்கும் போக வேண்டும் என்று விரும்பினார். செயின்ட் தாமஸ் நிர்வாகம் ஜான் ஃபிளின்ட் சவுத் என்பவரை நியமித்தது. பல ஆண்டுகளாக இணைந்து இயங்கிவந்த இரு மருத்துவமனைகளின் பள்ளி அந்த ஆண்டிலேயே இரண்டாகப் பிரிந்தது. கைஸ் தனக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கி, உடற்கூறியல் விரிவுரையை பிரான்ஸ்பிக்கும் அறுவையியல் விரிவுரையைக் கீக்கும் தந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒரு மருத்துவக் கல்வி நிறுவனம் தனியே பிறந்ததற்கு ஒரு குடும்பத்தின் வாரிசு ஏற்பாடு முக்கியக் காரணம் என்பதை அதன் வரலாற்றை எழுதுபவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்லிச் செல்கிறார்கள்.

இவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவர் தாமஸ் வேக்லி. 1823இல் 'தி லான்செட்' இதழைத் தொடங்கியவர். (அதன் தொடக்க இதழ்களில் ஆஸ்ட்லியின் விரிவுரைகளையே அனுமதியின்றி அச்சிட்டு விற்றவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த விவகாரத்தில் ஆஸ்ட்லி பெருந்தன்மையாகவே நடந்துகொண்டார்.) பொல்லார்டின் அறுவை சிகிச்சையை வேக்லியின் இதழ் ஒரு துயர நாடகம்போல, அங்கம் அங்கமாகப் பிரித்து வெளியிட்டது. பிரான்ஸ்பி தம் திறமையால் அந்த இடத்துக்கு வரவில்லை, உறவால் வந்தார் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். பிரான்ஸ்பி அவதூறு வழக்குத் தொடுத்து 2,000 பவுண்டு இழப்பீடு கேட்டார். 1828 டிசம்பரில் நடந்த விசாரணையில் ஆஸ்ட்லி கூப்பரே சாட்சிக் கூண்டில் ஏறித் தம் உறவினரின் திறமைக்குச் சான்று பகர்ந்தார். ஜூரிகள் பிரான்ஸ்பி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள், ஆனால் 100 பவுண்டு மட்டுமே கொடுத்தார்கள். வேக்லியின் வழக்குச் செலவைப் பொதுமக்கள் நிதி திரட்டிக் கட்டினார்கள்.

வேக்லியின் பக்கம் முழுவதுமாகச் சாய எனக்கு மனமில்லை. கல்லை எடுக்கும் அறுவை சிகிச்சையில் நல்ல மருத்துவர்களுக்கும் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். பிரான்ஸ்பி ஒன்றும் தெரியாதவர் அல்லர். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியனின் படைகளுக்கு எதிராக நடந்த தீபகற்பப் போரில் ராணுவத் துணை அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தவர், அந்த அறுவை சிகிச்சையின்போது 35 வயதானவர். அன்று அவருக்கு வாய்த்தது கெட்ட நாளா, அல்லது அவர் உண்மையிலேயே தகுதிக் குறைவானவரா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய நிலையில் லண்டனில் ஒருவரும் இல்லை என்பதே என் கவனத்தை ஈர்க்கிறது. அவருக்குப் பதவி கிடைக்கத் துணைநின்றவரும், அவருக்காகச் சாட்சி சொன்னவரும் ஒரே ஆள். உடன் பணியாற்றிய கீ அவருடைய சகோதரியின் கணவர். தேர்வு நடத்திய கல்லூரியின் தலைமைப் பதவியில் முந்தைய ஆண்டு இருந்தவரும் அதே ஆஸ்ட்லி. இத்தனை பேரும் நேர்மையாகவே பேசியிருந்தாலும், அவர்கள் சொல்லை எடைபோடக் கேட்பவர்களிடம் தராசு இல்லை. உறவு, பிரான்ஸ்பியின் குறையை மறைத்தது என்று வேக்லி சொன்னார். அவருக்குத் திறமை இருந்திருந்தால் அதையும் அந்த உறவு மறைத்துவிட்டது என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

நலன் முரண் என்றதும் நாம் ஊழலை நினைத்துக்கொள்கிறோம். தகப்பன் மகனுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது, தேர்வுத்தாளை மாற்றுவது என்று நினைக்கிறோம். அப்படிப்பட்டவை நடந்தால் அவை குற்றங்கள், அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. நான் பேசுவது நேர்மையானவரிடமும் இருக்கும் முரணைப் பற்றி. 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் முதல் ஒழுக்கநெறித் தொகுப்பை வெளியிட்டபோது, மருத்துவர் தம் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ சிகிச்சை தரும்போது பாசமும் பதற்றமும் அவருடைய தீர்ப்பை மங்கச்செய்து தயக்கத்தை உண்டாக்கும் என்று எழுதியது. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றமும் இயன்றவரை நெருங்கியவர்களுக்குச் சிகிச்சை தருவதைத் தவிர்க்கும்படிதான் இன்று சொல்கிறது. பாசம் கண்ணை மறைக்கும் என்பதை நோயாளி விஷயத்தில் இவ்வளவு காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட இந்தத் தொழில், மாணவர் விஷயத்தில் அதே கண் தெளிவாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருப்பது விந்தை.

நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். எம்.பி.பி.எஸ்., பி.ஜி. (பட்ட மேற்படிப்பு) இடங்கள் நீட் மதிப்பெண் அடிப்படையில் வந்த பிறகு, நுழைவாயிலில் அப்பாவின் செல்வாக்கு முன்புபோல் நேரடியாகச் செல்லுபடியாவதில்லை. கட்டணம் கட்டும் வசதி என்ற வேறு வாயில் திறந்தே இருக்கிறது, அது தனிக் கதை. ஆனால் மருத்துவப் பயிற்சியில் நுழைவாயில் ஒன்று மட்டுமே வாயில் அன்று. பி.ஜி. கலந்தாய்வில் ஒரு மாணவி தன் தந்தை பேராசிரியராக இருக்கும் கல்லூரியையே, சில வேளைகளில் அதே துறையையே, தன் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்ற முழு உரிமையோடு தேர்ந்தெடுக்கலாம். அதில் தவறு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வரும் மூன்று ஆண்டுகளில்தான் ஒவ்வொரு நாளும் ஒரு சிறிய வாயில் இருக்கிறது: எந்த யூனிட்டில் போடுவது, தீசிஸ் வழிகாட்டி யார், தியேட்டர் (அறுவை அரங்கு) பட்டியலில் நல்ல கேஸ் யாருக்கு, இரவுப் பணி யாருக்கு, மாணவர் செய்த சிகிச்சைகளைப் பதியும் லாக் புத்தகத்தில் 'தானே செய்தார்' என்ற கட்டத்துக்கு நேரே யார் ஒப்பமிடுவது.

இறுதித் தேர்வைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பி.ஜி. செய்முறைத் தேர்வில் வெளித் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். நெருங்கிய உறவினர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று தேர்வாளர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் எழுதி வாங்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து வருபவரும் துறைத் தலைவரின் விருந்தாளியாகத்தான் வருகிறார், அடுத்த ஆண்டு இவர் அங்கே தேர்வாளராகப் போக வேண்டியிருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் அங்கே ஒரு விதியாவது இருக்கிறது. முரண் தங்குகிற இடம் அன்றாடப் பயிற்சி. அங்கே எழுதி வாங்க எதுவும் இல்லை.

தியேட்டரில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும். குடல்வால் அறுவையில் பி.ஜி. மாணவர் தடுமாறுகிறார் என்றால் யூனிட்டின் தலைவரான சீஃப் ஒரு கட்டத்தில் "நகர்ந்துகொள்" என்று சொல்லிக் கருவியை வாங்கிக்கொள்வார். எந்தக் கணத்தில் வாங்குவது என்பதில்தான் கற்பித்தலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. சீக்கிரம் வாங்கினால் மாணவர் கற்கமாட்டார், தாமதித்தால் நோயாளி துன்பப்படுவார். தகப்பன் எதிரில் நிற்கும்போது இந்தக் கணிப்பு இரு திசையிலும் பிசகுகிறது. சிலர் மற்றவர்கள் முன்னால் பிள்ளைக்கு அவமானம் வேண்டாம் என்று நெடுநேரம் விட்டுவைக்கிறார்கள். சிலர் ஒரு சிறு தவறும் நேரக்கூடாது என்ற பயத்தில் முதல் நிமிடத்திலேயே வாங்கிக்கொண்டு, மூன்றாண்டு முடிவில் கை பழகாத ஒரு நிபுணரை வெளியே அனுப்புகிறார்கள். வேறு சிலர், சலுகை காட்டுகிறார் என்ற பேச்சுக்கு அஞ்சி, சொந்த மகளை மட்டும் எல்லார் முன்னிலையிலும் வறுத்தெடுக்கிறார்கள். அதையும் பாரபட்சமற்ற தன்மை என்று யாராவது பாராட்டுவார்கள். மகளாக இல்லாவிட்டால் அவ்வளவு திட்டியிருக்கமாட்டார் என்பதால் அதுவும் பாரபட்சம்தான்.

சக மாணவர்களுக்கு நேரும் இழப்பைப் பற்றி எல்லாரும் பேசுவதால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல கேஸ்கள் போவது ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, உண்மை பேசும் வழக்கம் போவது. நோயாளியின் இறப்பைப் பற்றிய மாதாந்திரக் கூட்டத்தில், அந்த அறுவையைச் செய்தவர் துறைத் தலைவரின் மகன் என்றால், உதவிப் பேராசிரியர் எழுந்து கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கமாட்டார். ஒரு மாதம் கேட்கப்படாத கேள்வி அடுத்த மாதம் வேறொருவர் விஷயத்திலும் கேட்கப்படாது. அப்படித்தான் ஒரு துறை முழுவதும் வாய் மூடிக்கொள்கிறது.

கல்லூரியைவிடக் குடும்ப மருத்துவமனைகளில்தான் இந்த விஷயம் சிக்கலானது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்துக்குப் போனாலும் பெரிய டாக்டர், சின்ன டாக்டர் என்று இருவர் அமர்ந்திருக்கும் நர்சிங் ஹோம் ஒன்று இருக்கும். அவற்றை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது. அரசு மருத்துவமனைக்கு வெளியே மாவட்டத்தின் பாதிப் பிரசவங்களையும் எலும்பு முறிவுகளையும் கவனித்துக்கொண்ட இடங்கள் அவை. தகப்பனின் அருகில் நின்று கற்பதில் உண்மையான பயனும் உண்டு. எந்த நோயாளி மருந்தைப் பாதியில் நிறுத்துவார், எந்தக் குடும்பத்தில் பெண்ணின் வலியைக் குறைத்துச் சொல்வார்கள், நள்ளிரவில் எதைப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும், எதை விடியும்வரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்பதெல்லாம் பாடநூலில் இல்லை. முப்பது ஆண்டு அதே ஊரில் உட்கார்ந்தவரிடமிருந்துதான் அந்த அறிவு கைமாறும்.

ஆனால் அங்கே வரும் நோயாளி எதை நம்பி வருகிறார் என்று கேட்க வேண்டும். அவர் பெரிய டாக்டரின் கைராசியை நம்பி வருகிறார். வரவேற்பில் "ஐயா இருக்காரா?" என்றுதான் கேட்கிறார். பித்தப்பை அறுவைக்கு ஒப்புதல் படிவத்தில் அவர் கைநாட்டு வைக்கும்போது, லேப்ராஸ்கோப்பை இயக்கப்போவது யார், அவர் இதற்கு முன் தனியே எத்தனை செய்திருக்கிறார் என்பது அவரிடம் சொல்லப்படுவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் படுத்திருப்பவருக்கு இது கற்பிக்கும் இடம் என்பது ஏதோ ஓர் அளவுக்குத் தெரியும். காசு கொடுத்து நர்சிங் ஹோமில் படுத்திருப்பவர் தன் உடலில் பயிற்சி நடக்கிறது என்று நினைப்பதே இல்லை. சொல்லிவிட்டுச் செய்தால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள் என்றே நம்புகிறேன். "ஐயா பக்கத்திலேயே இருப்பாரில்லையா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள், அதற்கு உண்மையான விடை கிடைத்தால் போதும். சொல்லாததற்குக் காரணம், சொன்னால் கட்டணத்தில் கழிவு கேட்பார்களோ, எதிர்த் தெரு மருத்துவமனைக்குப் போய்விடுவார்களோ என்ற கணக்கு. நலன் முரண் இங்கே ரூபாயாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

இதில் அதிகம் இழப்பவர் அந்தப் பிள்ளையே என்று நான் நினைப்பதுண்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதைச் சொல்லிச் சிரிக்கும் நாம், பொன் குஞ்சு என்று பெயரெடுத்துவிட்ட குஞ்சின் நிலையை யோசிப்பதில்லை. தான் உண்மையில் எந்த அளவுக்குத் தேர்ந்தவர் என்பதை அறிய அவருக்கு வழியே கிடையாது. பாராட்டு வந்தால் அது அப்பாவுக்கானதாக இருக்கலாம், குறை வந்தால் அது அப்பாவின் மேல் உள்ள பொறாமையாக இருக்கலாம். பிரான்ஸ்பி கூப்பர் 1853இல் இறக்கும்வரை கைஸில் பணியாற்றினார். மோசமான மருத்துவர் என்று அதன் பிறகு யாரும் அவரை நிரூபிக்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் இரண்டு செய்திகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று அந்த ஒரு மணி நேரம். மற்றொன்று 1843இல் அவர் எழுதி வெளியிட்ட, ஆஸ்ட்லி கூப்பரின் வாழ்க்கை வரலாறு.

உறவினருக்குக் கற்பிக்கக் கூடாது என்று தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே மாவட்டத்தில் ஒரே குழந்தை அறுவை நிபுணர்தான் இருக்கிறார், அவர் மகளுக்கும் அதே துறையில் ஆர்வம் என்றால் தடை என்ன செய்யும்? செய்யக்கூடியது, கற்பிப்பவர், மதிப்பிடுபவர், பதவி கொடுப்பவர் என்ற மூன்று வேடங்களையும் ஒரே ஆள் போடாமல் பார்த்துக்கொள்வது. ஆஸ்ட்லி கூப்பரிடம் இந்த மூன்றும் குவிந்திருந்தன. ராயல் கல்லூரியின் 1824ஆம் ஆண்டு விதி ஒன்று, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளையும் ஆசிரியர்களையும் சார்ந்த சான்றிதழ்களையே தேர்வுக்கு ஏற்றதால், வகுப்பு நடத்திப் பணம் பெறுபவர்களும் தேர்வு நடத்துபவர்களும் ஒரே வட்டத்தினராக ஆனார்கள். வேக்லியின் கோபத்தில் பாதி அந்த விதியின் மேல்தான்.

கல்லூரிகளில் இதற்குப் பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. துறையில் உறவினர் சேர்ந்த நாளிலேயே அதை எழுத்தில் அறிவித்து, அவருடைய தீசிஸ், லாக் புத்தகம், உள்மதிப்பீடு ஆகிய மூன்றையும் வேறு யூனிட்டின் பொறுப்பில் விட்டுவிடலாம். தகப்பன் துறைத் தலைவராக இருந்தால் வேறு யூனிட்டும் அவருக்குக் கீழேதான் இருக்கிறது என்பதால், மதிப்பீட்டை முதல்வர் அலுவலகம் வேறு கல்லூரியின் பேராசிரியர் ஒருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். தியேட்டர் பட்டியலை எல்லா பி.ஜி.க்களும் பார்க்கும்படி மாதம் ஒருமுறை தொகுத்து ஒட்டினால், யார் எத்தனை கேஸ் செய்தார் என்பது முணுமுணுப்பாக இல்லாமல் கணக்காக இருக்கும்.

நர்சிங் ஹோமில் இப்படி யாரும் விதி போட முடியாது. அங்கே பெரிய டாக்டரின் மனம்தான் விதி. பட்டம் வாங்கியதும் மகனைத் தம் மேசைக்கு எதிர் மேசையில் உட்காரவைக்காமல், தம் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாத ஏதாவது ஒரு மருத்துவமனையில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வரச்சொல்லும் தகப்பன்மார்களை எனக்குத் தெரியும். அந்த மகன்களில் சிலர் திரும்பி வரவேயில்லை, அந்தக் கட்டடங்களில் இப்போது ஸ்கேன் சென்டர் நடக்கிறது. திரும்பி வந்தவர்கள், அப்பா இல்லாத நாளிலும் "இந்தக் கேஸ் என்னால் ஆகாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள்" என்று தயங்காமல் சொல்லக்கூடியவர்களாக இருக்கிறார்கள்.